கல் சுமந்த காளை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நாட்டுக்கு உழைத்த நல்லோர், நூல் பல யாத்த புலவர், புதியன கண்ட அறிவியலார் ஆகியோரின் வரலாறுகள் நம் கல்லூரி மலரில் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. இவ்வாண்டு, உடல் வலிமை ஒன்றையே முதலாகக் கொண்டு உலகப் புகழ் பெற்ற ஒரு தொழிலாளியின் வரலாற்றை எழுத விரும்பினேன். அவர் அரியணை ஏறியவர் அல்லர். படை நடத்தியவரும் அல்லர். கல் கொத்தும் குடும்பத்தில் பிறந்து, கல்லையும் மரத்தையும் இரும்பையும் எறிந்தே நான்கு கண்டங்களில் தம் பெயரை நாட்டியவர். ஸ்காட்லாந்து நாட்டு வீரர் டொனால்ட் டின்னி அவர். அவருடைய வெற்றிகளைப் போலவே, வெற்றிகளுக்குப் பிந்திய காலமும் நாம் அறிய வேண்டியதாகும்.

கல்லும் எழுத்தும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கே அபர்டீன்ஷயர் என்னும் பகுதி உள்ளது. மலைகளில் பிறந்து கடல் நோக்கி ஓடும் டீ என்ற ஆறு அப்பகுதியை வளப்படுத்துகிறது. அவ்வாற்றங்கரையை அடுத்த பிர்ஸ் வட்டாரத்தில் 1837 ஆம் ஆண்டு டின்னி பிறந்தார். தந்தை இராபர்ட் டின்னி ஒரு கல் தச்சர். அவ்வட்டாரத்தில் வலிமைக்குப் பெயர் பெற்றவர். அவருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. உளி பிடித்த அதே கையால் அவர் எழுதுகோலும் பிடித்தார். கவிதைகள் எழுதினார். தாம் வாழ்ந்த பிர்ஸ் வட்டாரத்தின் வரலாற்றை ஆராய்ந்து 1865 இல் நூலாக வெளியிட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, கல் கொத்திய ஒருவர் வரலாற்று நூலும் எழுதினார் என்னும் செய்தி எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. கைத்தொழிலும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியாதவை என்று எண்ணுவோர்க்கு இராபர்ட் டின்னியின் வாழ்வே தக்க விடை.

மகன் டொனால்ட் தந்தையிடமே கல் தச்சு பயின்றார். இளமையிலேயே கிங்கார்டின் ஓநீல் என்ற ஊரில் நடந்த மற்போரில் வென்று ஒரு பவுன் பரிசு பெற்றார். அக்காலத்தில் அத்தொகை ஒரு தொழிலாளியின் ஒரு வாரக் கூலிக்கு நிகரானது. ஒரு வாரம் கல் செதுக்கிப் பெறுவதைச் சில நிமிடங்களில் பெற்ற இளைஞரின் உள்ளத்தில் என்ன எண்ணம் எழுந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். தம் உடலுக்கு ஒரு விலை உண்டு என்பதை அன்று அறிந்தவர், அதை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

மலைநாட்டு ஆட்டங்கள்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள் கோடைக் காலத்தில் ஊர்தோறும் கூடி விளையாட்டு விழா எடுப்பது மரபு. இசையும் நடனமும் ஓட்டமும் அங்கு இருந்தாலும், மக்கள் கண்கள் நாடுவது பளு எறியும் வீரர்களையே. ஆற்றங்கல்லைத் தோளிலிருந்து உந்தி எறிவது ஒரு போட்டி. இன்று நம் விளையாட்டுத் திடலில் நடக்கும் குண்டு எறிதலுக்கு இது உறவு முறை ஆகும். மரக்காம்பு பூட்டிய 16 பவுண்டு, 22 பவுண்டு எடையுள்ள சம்மட்டிகளைத் தலைக்கு மேல் சுழற்றி எறிவது மற்றொன்று. 56 பவுண்டு இரும்பு எடையை ஒரே கையால் எறிவதும் உண்டு.

இவற்றுள் காண்போரை வியக்க வைப்பது மரத்தூண் எறிதல். ஐந்து ஆறு மீட்டர் நீளமுள்ள முழு மரத்தின் மெல்லிய முனையை இரு கைகளில் ஏந்தி, பருத்த முனை வானை நோக்க நிமிர்த்தி, சில அடிகள் ஓடி, வீரர் அதை மேல்நோக்கி வீசுவார். பருத்த முனை தரையில் ஊன்ற, மரம் தலைகீழாகப் புரண்டு நேராக முன்னே விழவேண்டும். எவ்வளவு தொலைவு என்பது இங்குக் கணக்கில்லை. எவ்வளவு நேராக விழுந்தது என்பதே கணக்கு. எறிந்தவர் ஆறு மணியின் இடத்தில் நிற்பதாகக் கொண்டால், மரத்தின் மெல்லிய முனை பன்னிரண்டு மணியைச் சுட்டி விழுவதே முழுமையான எறி. ஈர்ப்பு மையம், திருப்புத்திறன் என்று நாம் வகுப்பில் படிப்பவற்றை அவ்வீரர்கள் தோளாலும் இடுப்பாலும் கற்றிருந்தனர்.

இவ்விழாக்களில் பிரேமார் என்னும் ஊரின் விழா பெயர் பெற்றது. 1848 இல் விக்டோரியா அரசி அங்கு வந்து கண்டு களித்த பின் மலைநாட்டு ஆட்டங்களின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. செல்வர்கள் திரண்டனர், புகைவண்டிகள் மக்களைக் கொண்டுவந்து குவித்தன, பரிசுத் தொகைகள் பெருகின. அந்தப் பொற்காலத்தில்தான் டின்னி களம் புகுந்தார்.

ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், அகன்ற மார்பும், உரமேறிய தோள்களும் கொண்ட அவர், 1850களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஸ்காட்லாந்தின் தலைசிறந்த வீரராக விளங்கினார். எறிவதில் மட்டுமா? ஓடினார், தாண்டினார், மற்போர் புரிந்தார். நடனப் போட்டியிலும் ஆடினார். தன்னடக்கம் என்னும் அணியை மட்டும் அவர் அணிந்ததில்லை. தம் திறமையைத் தாமே புகழ்ந்தார். பணம் பேசாமல் களம் இறங்க மறுத்தார். நடுவர்களோடு வாதிட்டார். இதனால் அவரை வெறுத்தவர்களும் உண்டு. ஆனால் அவர் வரும் விழாவில்தான் கூட்டம் கூடியது என்பதை வெறுத்தவர்களும் மறுக்கவில்லை.

பாலத்தின்மேல் ஐந்து மீட்டர்

டீ ஆற்றின்மேல் பொடார்க் என்னுமிடத்தில் ஒரு கற்பாலம் உள்ளது. புகழ் பெற்ற பொறியாளர் தாமஸ் டெல்போர்டின் திட்டப்படி 1813 இல் முடிக்கப்பெற்றது. அதைப் பழுது பார்த்தபோது, சாரத்துக்கு எதிர்ப்பளுவாகக் கட்டித் தொங்கவிட இரண்டு கருங்கற்களில் இரும்பு வளையங்களைப் பொருத்தினார்கள். வேலை முடிந்தபின் கற்கள் அங்கேயே கிடந்தன. பெரிய கல் 188 கிலோ. சிறியது ஏறத்தாழ 144 கிலோ. இரண்டும் சேர்ந்து 332 கிலோவுக்கு மேல். நூறு கிலோ மூட்டைகள் மூன்றையும் தாண்டிய பளு!

1860 ஆம் ஆண்டு, இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுக் காளையான டின்னி, அந்த இரு கற்களையும் வெறுங்கைகளால் ஒருசேரத் தூக்கி, பாலத்தின் அகலமாகிய 17 அடியைக் கடந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒரு கல்லைத் தூக்குவதே தந்தையின் பெருமையாக இருந்தது. மகனோ இரண்டையும் சுமந்தார். ஊரில் இளவட்டக்கல் தூக்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இச்செயலின் பெருமையை விளக்க வேண்டியதில்லை.

இங்கே நான் படிக்கும் பாடம் எனக்கு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. பளுவின் எடை கீழ்நோக்கிச் செயல்படுகிறது. நடந்து செல்லும் இடப்பெயர்ச்சியோ கிடைமட்டமானது. இரண்டுக்கும் இடையே 90 பாகை. ஆகவே அந்த 17 அடி நடையில் ஈர்ப்பு விசைக்கு எதிராகச் செய்யப்பட்ட வேலை சுழி! தேர்வில் இவ்வாறு எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

ஆனால் என் தந்தை நெல் மண்டியில் மூட்டை சுமப்பவர். லாரியிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து லாரிக்கு என முப்பது ஆண்டுகளாக அவர் நடந்த நடையெல்லாம் கிடைமட்டமானதே. அவர் செய்த வேலை சுழி என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழுமா? பளுவைத் தாங்கி நிற்கும்போதே தசைநார்கள் ஓயாமல் சுருங்கி ஆற்றலைச் செலவிடுகின்றன என்று உடலியல் விளக்குகிறது. சூத்திரத்தில் சுழியாவது உடலில் சுழியாவதில்லை. முழங்காலும் முதுகெலும்பும் அந்தக் கணக்கைத் தனியே எழுதி வைத்துக்கொள்கின்றன. டின்னியின் பிற்கால வாழ்வை நான் இந்தக் கண்கொண்டே படித்தேன்.

கடல் கடந்த புகழ்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய ஸ்காட்லாந்து மக்கள் அங்கும் சங்கங்கள் அமைத்துத் தம் ஆட்டங்களை நடத்தினர். அவர்களின் திடல்களில் டின்னி 1870 இல் முதன்முறையாகக் களம் இறங்கினார். 1872 இல் தம் போட்டியாளரான ஜேம்ஸ் பிளெமிங்குடன் மீண்டும் சென்றார். 1880களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. பின்னர் தென்னாப்பிரிக்கா என்று சுற்றி, 1898 இல் பிரிட்டன் திரும்பினார். வென்ற போட்டிகள் 11,000க்கு மேல் என்றும், ஈட்டிய பொருள் 25,000 பவுன் அளவு என்றும் கணக்குச் சொல்வர். வாரம் ஒன்றிரண்டு பவுன் கூலி பெற்ற கல் தச்சனுக்கு அது கனவிலும் எட்டாத தொகை.

அக்காலத்து இங்கிலாந்தின் உயர்குடியினர் விளையாட்டைப் பற்றி வேறு கருத்துக் கொண்டிருந்தனர். பணத்துக்காக ஆடுவது இழிவு என்றனர். 1860களில் இலண்டனில் தோன்றிய அமெச்சூர் தடகளக் கழகம், கைவினைஞரும் கூலித் தொழிலாளரும் போட்டியில் சேரவே கூடாது என்று விதி வகுத்தது. 1880 இல் அமைந்த புதிய சங்கம் அவ்விதியை நீக்கியது. எனினும் பரிசுப் பணம் பெற்றவருக்குக் கதவு திறக்கவில்லை. 1896 இல் ஏதென்சில் புதிய ஒலிம்பிக் தொடங்கியபோதும் அமெச்சூர் வீரர்களுக்கே இடம். குண்டு எறிதல் அதில் இருந்தது. 1900 இல் சம்மட்டி எறிதலும் சேர்ந்தது. தொழிலாளிகள் வளர்த்த ஆட்டங்கள் உள்ளே சென்றன. கூலி வாங்கி ஆடியவர்கள் வெளியே நின்றனர். பரம்பரைச் சொத்து உள்ளவன் பரிசை மறுக்கலாம். உடலே சொத்தாக உள்ளவன் அதை எவ்வாறு மறுப்பான்? டின்னி பணம் கேட்டதைக் குறை கூறுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓய்வில்லாத ஓய்வு

வீரன் களத்திலிருந்து விடைபெறும் நாள் எது? அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு அந்நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. மாலை அணிவிக்கிறார்கள், மறுமாதம் முதல் ஓய்வூதியம் வருகிறது. உடலை முதலாக வைத்தவருக்கு அப்படி ஒரு நாள் இல்லை. டின்னி நாற்பது வயதைக் கடந்தும் போட்டியிட்டார். ஐம்பதிலும் போட்டியிட்டார். அறுபதிலும் முதியோர்க்கான போட்டிகளில் எறிந்தார். புகழாசை ஒரு காரணமாக இருக்கலாம். வேறு வருவாய் இல்லாமை பெரிய காரணம். ஈட்டிய பெருஞ்செல்வம் அவரிடம் தங்கவில்லை.

இலண்டனில் தேநீர்க் கடை நடத்திப் பார்த்தார். பார் என்னும் நிறுவனத்தின் குளிர்பான விளம்பரத்தில் அவர் படம் இடம்பெற்றது. பத்திரிகைகளில் தம் நினைவுகளை எழுதினார். எழுபது வயதைக் கடந்தும் மேடை ஏறினார். கனத்த மேசை ஒன்றை அவர் தாங்கி நிற்க, அதன்மேல் மலைநாட்டு நடனம் நடக்கும். முதியவர் இப்படிப் பளு தாங்குவது தகாது என்று இலண்டன் மாநகர ஆட்சி மன்றம் அதை நிறுத்தியது. உயிரைக் காக்கும் எண்ணம் நல்லதே. ஆனால் அந்த மேசைதான் அவருக்கு அடுத்த வேளைச் சோறு. இறுதிக் காலத்தில் அன்பர்கள் திரட்டித் தந்த சிறு உதவியே அவருக்குத் துணையாயிற்று.

என் தந்தை இப்போது மூட்டை சுமப்பதில்லை. முழங்கால் இடம் தரவில்லை. மண்டியிலேயே சாக்குத் தைக்கிறார், கூலி பாதி. அவருக்கும் விடைபெறும் விழா நடக்கவில்லை. ஒரு நாள் கனமான மூட்டை அருகே சென்றவர் திரும்பி வந்து ஊசியை எடுத்தார், அவ்வளவுதான்.

பெயர் நின்ற விதம்

1916 இல் இலண்டனில், தம் 78 ஆம் வயதில் டின்னி மறைந்தார். அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கனத்த பீரங்கிக் குண்டுகளுக்குப் போர்வீரர்கள் இட்ட செல்லப்பெயர் என்ன தெரியுமா? டொனால்ட் டின்னி! எவரையும் கொல்லாத ஒரு வீரரின் பெயர் கொல்லும் குண்டுக்கு வாய்த்தது.

கற்கள் அவர் பெயரை இன்னும் நன்றாகக் காத்தன. பல்லாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்த அவற்றை 1950களில் டேவிட் வெப்ஸ்டர் என்னும் விளையாட்டு அறிஞர் தேடிக் கண்டார். 1973 இல் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஜாக் ஷாங்க்ஸ் என்பவர் வெறுங்கைகளால் அவற்றைத் தூக்கி அதே 17 அடியை நடந்து காட்டினார். பின்னர்ப் பல நாட்டு வீரர்களும் பொடார்க் சென்று தம் வலிமையை அக்கற்களில் உரசிப் பார்த்தனர். 2002 இல் ஸ்காட்லாந்து விளையாட்டுப் பெருமக்கள் வரிசையில் டின்னியின் பெயர் சேர்க்கப்பட்டது.

நண்பர்களே! வலிமையைக் கண்டு கைதட்டுவது எளிது. வலிமை தளர்ந்த நாளில் அம்மனிதருக்குச் சோறு உண்டா என்று கேட்பதே கடினம். விளையாட்டு வீரராயினும், சுமை தூக்குவோராயினும், கல் உடைப்போராயினும், உடலை முதலாக்கி ஊருக்கு உழைத்தவர்க்கு முதுமையில் ஓய்வூதியம் வழங்குவது இரக்கச் செயல் அன்று. கொடுக்க வேண்டிய கடன். நாளை நம்மில் சிலர் அலுவலராவோம், சிலர் ஆசிரியராவோம், சிலர் சட்டம் இயற்றும் இடத்துக்கும் செல்லலாம். அன்று நம் மேசைக்கு ஒரு முதிய தொழிலாளியின் விண்ணப்பம் வரும்போது, அதைக் காலம் தாழ்த்தாது படித்துக் கையொப்பம் இடுவோமாக!