போர்க்களம் சென்ற தூரிகை
(இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

போர்க் காட்சிகளை வரைந்தோர் என்றால் பிரெஞ்சு ஓவியர்களே முதலில் நினைவுக்கு வருவர். ஆனால் சென்னையில் வந்திறங்கிப் படையோடு படையாக மைசூர் சென்று, கண்டதையும் கேட்டதையும் ஓவியமாக்கிய ஒருவரும் உண்டு. அவரே இராபர்ட் ஹோம் என்னும் ஆங்கிலேயர்.

1752ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் ஹல் நகரில் பிறந்தார். தந்தை படை மருத்துவர். தம்பி எவரார்டு அறுவை மருத்துவர். தமக்கை ஆன் அம்மையாரின் கணவரோ உடற்கூற்றியலில் புகழ்பெற்ற ஜான் ஹன்டர்! இத்தனை கத்திகளுக்கு நடுவே ஒருவர் மட்டும் தூரிகையை எடுத்தது விலங்கியல் மாணவனாகிய எனக்கு வியப்பாகவே இருக்கிறது. உரோமாபுரியில் பயின்றார், அயர்லாந்தின் டப்ளினில் சில ஆண்டுகள் தொழில் செய்தார், 1791 தொடக்கத்தில் சென்னைக்குக் கப்பலேறி வந்து சேர்ந்தார்.

அப்போது மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. திப்பு சுல்தானின் படை நம் பக்கமே திருவண்ணாமலையையும், திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கலையும் கைப்பற்றியிருந்தது. இடையே கிடக்கும் செஞ்சி, தளவானூர்ப் பகுதி உழவர்கள் அந்த ஆண்டில் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை யாரும் படமாக வரையவில்லை. காரன்வாலிசு பிரபுவின் படை வேலூரிலிருந்து பெங்களூர் நோக்கிச் சென்றது. அப்படையோடு இருக்க ஹோம் அனுமதி பெற்றார்.

1791 மார்ச்சு 7ஆம் நாள் பெங்களூர்ப் பேட்டை வாயிலில் மூர்ஹவுசு என்ற தளபதி மாண்டார். அச்சாவை ஹோம் பெரிய ஓவியமாகத் தீட்டினார். ஆனால் அதே ஆண்டு மே மாதம், சீரங்கப்பட்டணம் வரை சென்ற அப்படை உணவின்றி, வண்டி மாடுகள் செத்து விழ, பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பியதே! அதை அவர் பேரோவியமாக ஆக்கவில்லை. ஓவியத்தை வாங்குவோர் யார் என்பதை எண்ணினால் காரணம் விளங்கும்.

அவருக்குப் புகழ் தந்தது வேறொரு படம். 1792 பிப்ரவரியில் தோல்வியுற்ற திப்பு, நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயையும் தர ஒப்பினார். அதற்குப் பிணையாகத் தம் இரு மைந்தர்களை அனுப்பினார். அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும் பத்து வயதைத் தாண்டாத சிறுவர்கள். யானைகளும் கூடாரங்களும் படை அணிவகுப்புமாக விழாக்கோலம் பூண்ட அக்காட்சியில், காரன்வாலிசு தந்தையைப் போல அவர்களை வரவேற்கிறார். பார்ப்பவர் மனம் உருகத்தான் செய்யும். ஆயினும் வீட்டைப் பிரிந்த பிள்ளைகள் 1794 வரை தந்தையிடம் திரும்பவில்லை என்பதை மறந்துவிடலாகாது. ஓவியர்கள் பலர் இதே காட்சியை இங்கிலாந்தில் இருந்தபடியே கற்பனையாக வரைந்து விற்றனர். ஹோம் அப்படையோடு இருந்தவர். படத்தின் இடப்புற ஓரத்தில், கையிடுக்கில் ஓவியத் தாள்களின் உறையுடன் தம்மையும் வரைந்து வைத்தார்! எங்கள் ஊர்க் குடைவரையில் கூட மன்னன் மகேந்திரவர்மனின் புகழ்தான் கல்வெட்டில் இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர் இல்லை. அவ்வகையில் ஹோம் கெட்டிக்காரர்.

மைசூர்க் காட்சிகளைத் தொகுத்து 1794இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 1795இல் கல்கத்தா சென்று, ஆர்தர் வெல்லசுலி முதலிய பெரியோரின் உருவங்களை வரைந்தார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இந்த வெல்லசுலிதான். ஆசியக் கழகத்தின் செயலாளராகவும் ஹோம் தொண்டாற்றினார். விலங்குகளையும் பறவைகளையும் நுட்பமாக வரைந்தார்.

1814இல் இலக்குமணபுரியாம் லக்னோவில் அயோத்தி நவாப் காசியுத்தீன் ஹைதரின் அரண்மனை ஓவியரானார். அங்கே போர்க்களம் இல்லை. மணிமுடி, அரியணை, படகு, நாற்காலி என்று அரசர் விரும்பியதற்கெல்லாம் மாதிரி வரைந்து கொடுத்தார். அரசர் மறைந்தபின் கான்பூரில் குடியேறினார். சென்னையில் இறங்கியபின் நாற்பத்து மூன்று ஆண்டுகள் இந்நாட்டிலேயே கழித்து, 1834இல் அங்கேயே காலமானார். பிணைச் சிறுவர் ஓவியமும் மூர்ஹவுசு ஓவியமும் இலண்டனில் உள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.