கை போனபோதும் நிற்கவில்லை, வயிற்றுவலிதான் நிறுத்தியது: நடுவர் ஃபிராங்க் செஸ்டரின் கதை

சதம் அடித்தவர் பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். ஐந்து விக்கெட் எடுத்தவர் பெயரும் ஞாபகம் இருக்கும். அந்த ஆட்டத்தின் நடுவர் யார் என்று கேட்டால்?

கொஞ்சம் யோசிப்பீர்கள், இல்லையா?

நடுவர் பெயர் நினைவில் நிற்பது அபூர்வம். அப்படி நின்ற ஒரு பெயர் ஃபிராங்க் செஸ்டர். இங்கிலாந்துக்காரர். 1924 முதல் 1955 வரை 48 டெஸ்ட் ஆட்டங்களில் நடுவராக இருந்தார். அந்தச் சாதனையை 1992 வரை யாராலும் தாண்ட முடியவில்லை.

இவ்வளவையும் அவர் ஒரு கையோடு செய்தார். ஆனால் அவரைக் களத்தைவிட்டு வெளியே அனுப்பியது அந்தக் கை இல்லை. வெளியே யாருக்கும் தெரியாத வயிற்றுப் புண்.

யார் இந்தச் செஸ்டர்?

1895 ஜனவரியில் இங்கிலாந்தின் புஷி என்ற ஊரில் பிறந்தவர். நடுவராக வேண்டும் என்பது அவர் கனவே இல்லை. ஆட்டக்காரர் ஆகத்தான் வந்தார்.

17 வயதில் வூஸ்டர்ஷயர் அணிக்காக ஆடத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1913இல், மூன்று சதங்கள். கூடவே 44 விக்கெட்டுகள். வயது என்ன தெரியுமா? 18தான்.

1914இல் எசெக்ஸ் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 178 ஓட்டங்கள் எடுத்தார். பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். இங்கிலாந்து அணியில் இடம் கிடைப்பது வெறும் நேரத்தைப் பொறுத்த விஷயம் என்று பலர் நினைத்தார்கள்.

அதே ஆண்டு முதல் உலகப் போர் வந்தது.

கை எப்படிப் போனது?

செஸ்டர் ராணுவத்தில் சேர்ந்தார். 1917இல் சலோனிகா போர்முனையில் இருந்தார். இன்று கிரீஸ் நாட்டில் இருக்கும் தெசலோனிக்கி நகரம்தான் அது.

அங்கே குண்டுச் சிதறல் பட்டு வலது கையில் காயம். காயத்தைவிடப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகு வந்தது. புண்ணில் கிருமி தொற்றி, சதை அழுகத் தொடங்கியது. உயிரைக் காப்பாற்ற, முழங்கைக்குக் கீழே கையை வெட்டி எடுத்தார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலினைக் கண்டுபிடித்தது 1928இல். செஸ்டருக்கு அடிபட்டபோது இப்படிப்பட்ட தொற்றை நிறுத்த மருந்தே கிடையாது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

அப்போது அவருக்கு 22 வயது. ஆட்டக்காரராக வாழ்க்கை முடிந்துபோனது.

ஒரு கையோடு நடுவராக முடியுமா?

நீங்களே யோசிச்சுப் பாருங்க. சிக்ஸர் என்றால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். வைட் என்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். ஆட்டக்காரர்கள் கழற்றித் தரும் தொப்பியையும் ஸ்வெட்டரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓவருக்கு எத்தனை பந்து போனது என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

செஸ்டர் செயற்கைக் கையைப் பொருத்திக்கொண்டு 1922இல் முதல்தரப் போட்டிகளுக்கு நடுவராக வந்தார். வயது 27. அந்தக் காலத்தில் நடுவர்கள் பெரும்பாலும் ஆடி ஓய்ந்த பெரியவர்கள். அவர்கள் நடுவில் இவர் சின்னப் பையன் மாதிரி.

பந்துகளை எண்ண அவர் வைத்திருந்தது ஆறு கூழாங்கற்கள். புஷியில் அம்மாவின் தோட்டத்திலிருந்து பொறுக்கி எடுத்தவை. ஒரு பந்து போனால் ஒரு கல் இடம் மாறும். அவ்வளவுதான் கருவி.

முதல் ஆட்டத்திலேயே அவர் ஒரு வேலை செய்தார். இரண்டு அணித் தலைவர்களுக்குமே அவுட் கொடுத்தார். நடுவர்களைப் பற்றி அணித் தலைவர்கள் சொல்லும் கருத்துக்கு அந்தக் காலத்தில் மதிப்பு அதிகம். வேலை நிலைக்குமா என்பதுகூட அதைப் பொறுத்தது. இப்படியே போனால் வேலை போய்விடும் என்று உடன் நின்ற மூத்த நடுவர் எச்சரித்தாராம். செஸ்டர் மாறவில்லை. அவுட் என்றால் அவுட்.

அவரிடம் அப்படி என்ன சிறப்பு?

முதலில், அவர் நிற்கும் விதம். பந்து வீசப்படும் நேரத்தில் நன்றாகக் குனிந்து, கண்ணை ஸ்டம்பின் உயரத்துக்குக் கொண்டுவருவார்.

ஏன் அப்படி? ஸ்டம்பின் உயரம் சுமார் 71 செண்டிமீட்டர். நிமிர்ந்து நின்று மேலிருந்து பார்த்தால் பந்து எவ்வளவு உயரத்தில் போகிறது என்று கணிப்பது கஷ்டம். எல்பிடபிள்யூ முடிவில் அந்த உயரம்தான் எல்லாம். கண் கீழே வந்தால் பந்தின் பாதை இன்னும் தெளிவாகத் தெரியும். அவரைப் பார்த்துப் பல நடுவர்கள் அப்படிக் குனியத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, தைரியம். அவர் காலத்தில் மறுஒளிபரப்பு இல்லை, மூன்றாம் நடுவர் இல்லை, மறுபரிசீலனை முறை இல்லை. ஒருமுறை பார்த்ததை வைத்து அந்த நொடியிலேயே சொல்ல வேண்டும். சொன்னால் அதுதான் முடிவு.

1932இல் இந்தியா தன் முதல் டெஸ்ட்டை லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது. சி.கே. நாயுடு அணித் தலைவர். அன்று களத்தில் இருந்த இரண்டு நடுவர்களில் ஒருவர் செஸ்டர்.

டான் பிராட்மன் நான்கு முறை இங்கிலாந்துக்கு வந்து ஆடியவர். தான் ஆடிய ஆட்டங்களில் கண்ட நடுவர்களிலேயே செஸ்டர்தான் சிறந்தவர் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். எதிரணிக்காரர், அதுவும் பிராட்மன் சொன்னால் அதற்குத் தனி மதிப்புதானே.

பிறகு என்ன ஆனது?

வயிற்றுப் புண். நாம் சாதாரணமாக அல்சர் என்று சொல்கிறோமே, அதுதான்.

இரைப்பையின் உள்சுவரிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ புண் வரும். வயிற்றில் சுரக்கும் அமிலம் அந்தப் புண்ணின்மேல் படும்போது எரியும், வலிக்கும். சிலருக்கு வெறும் வயிற்றில் வலி அதிகம். சிலருக்குத் தூக்கமே போய்விடும்.

இப்போது நடுவர் வேலையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:

- அந்தக் காலத்தில் கவுண்டி ஆட்டம் ஒன்று மூன்று நாள். முடிந்ததும் அடுத்த ஊர், அடுத்த ஆட்டம்.
- காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டே இருக்க வேண்டும்.
- நினைத்த நேரத்தில் சாப்பிட முடியாது. உணவு இடைவேளை, தேநீர் இடைவேளை, அவ்வளவுதான்.
- ஒவ்வொரு பந்துக்கும் குனிய வேண்டும், நிமிர வேண்டும்.

ஆட்டக்காரருக்கு உடம்பு முடியாவிட்டால் மாற்று ஆள் வந்து பந்து பொறுக்குவார். நடுவர் ஓவருக்கு நடுவில் போய் உட்கார முடியாது.

அந்தக் கை எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் எல்லாரும் அவரை மதித்தார்கள், வியந்தார்கள். வயிற்றுவலி யாருக்கும் தெரியவில்லை. வெளியே தெரிந்தது அவருடைய கோபம் மட்டும்தான்.

1953இல் என்ன பிரச்சினை?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர் கொஞ்சம் மாறியிருந்தார். அவுட் கேட்டு ஆட்டக்காரர்கள் கத்தும்போது, எரிச்சலோடு மறுக்கிறார் என்ற புகார் வந்தது. குறிப்பாக ஆஸ்திரேலியர்களுக்கு அது பிடிக்கவில்லை. திமிர் என்று சிலர் நினைத்தார்கள். உடல்நிலைதான் அவரைச் சிடுசிடுப்பாக்கியது என்று வேறு சிலர் சொன்னார்கள்.

1953 ஆஷஸ் தொடரில் அது முற்றியது. அவருடைய சில முடிவுகளை ஆஸ்திரேலியத் தரப்பு ஏற்கவில்லை. முதல் நான்கு டெஸ்ட்டுகளிலும் வெற்றி தோல்வி இல்லை. எல்லாம் ஓவல் மைதானத்தில் நடந்த கடைசி டெஸ்ட்டில் வந்து நின்றது. அதில் வென்று, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆஷஸை இங்கிலாந்து மீட்டது.

நாட்டின் மிகப் பெரிய நடுவர் அந்த ஆட்டத்தில் இல்லை. வேறு இருவர் நின்றார்கள்.

இங்கே நியாயமாக இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். வலியோடு வேலை செய்கிற மனிதர்மீது நமக்கு இரக்கம் வரும். சரிதான். ஆனால் களத்தில் நிற்கும் 13 பேரின் உழைப்பும் நடுவரின் ஒரு விரலில் இருக்கிறது. அவர் முடிவு தெளிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்கள் உரிமை. வலியில் இருக்கும் ஒருவருக்குத் தன் கவனம் குறைகிறதா என்று தனக்கே தெரிவதும் கஷ்டம்.

கை போனபோது கேள்வி எளிமையாக இருந்தது: முடியுமா, முடியாதா? முடியும் என்று செய்து காட்டினார். வயிற்றுவலி கேட்ட கேள்வி வேறு: முடிகிறது, ஆனால் இன்னும் சரியாகச் செய்கிறேனா?

எப்போது ஓய்வு பெற்றார்?

1955இல். உடல்நலக் குறைவுதான் காரணம். அவருக்கு அப்போது 60 வயது.

அவர் முதல் டெஸ்ட்டில் நின்ற 1924இல் இங்கிலாந்துக்கு வந்திருந்த அணி தென்னாப்பிரிக்கா. கடைசியாக நின்ற 1955இலும் அதே அணிதான் வந்திருந்தது. இடையில் 31 ஆண்டுகள். போரினால் சில ஆண்டுகள் டெஸ்ட்டே நடக்கவில்லை. எல்லா டெஸ்ட்டுகளும் இங்கிலாந்து மண்ணில்தான். அதையெல்லாம் கணக்கில் எடுத்தால் 48 என்பது சின்ன எண் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அது 1956இல் வெளிவந்தது. ஓய்வை அனுபவிக்க நீண்ட காலம் கிடைக்கவில்லை. 1957 ஏப்ரலில் பிறந்த ஊரான புஷியிலேயே காலமானார். வயது 62.

இன்று என்றால் என்ன ஆகியிருக்கும்?

பென்சிலின் விஷயத்துக்குத் திரும்ப வருவோம் என்று சொன்னோமே, இதோ.

செஸ்டர் காலத்தில் அல்சருக்குக் காரணம் மன உளைச்சலும் காரமும் என்றுதான் மருத்துவர்களே நம்பினார்கள். பால் குடிக்கச் சொல்வார்கள், ஓய்வெடுக்கச் சொல்வார்கள். ரொம்ப முற்றினால் அறுவை சிகிச்சை.

1980களின் தொடக்கத்தில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான அல்சர்களுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருக்கிறது! முதலில் பலர் நம்பவில்லை. மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துச் சோதித்துப் பார்த்தார். 2005இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

அந்த வகை அல்சருக்கு இன்று ஆன்டிபயாட்டிக் மருந்தும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் ஒன்றிரண்டு வாரம் கொடுக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. சில வலிநிவாரணி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவதாலும் அல்சர் வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

1917இல் கையைக் காப்பாற்றும் மருந்து இல்லை. 1955இல் வயிற்றுப் புண்ணின் காரணமே தெரியாது. இரண்டு முறையும் மருத்துவம் செஸ்டருக்குத் தாமதமாகத்தான் வந்தது.

நடுவர் வேலையும் மாறிவிட்டது. அவருடைய 48 டெஸ்ட் சாதனையை 1992இல் டிக்கி பேர்ட் தாண்டினார். அதே ஆண்டுதான் டெஸ்ட் கிரிக்கெட்டில் மூன்றாம் நடுவர் முறை அறிமுகமானது. இன்று 100 டெஸ்ட்டுகளைத் தாண்டிய நடுவர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் திரையைப் பார்த்துக்கொள்ளலாம். தவறினால் திருத்த வழி இருக்கிறது. செஸ்டரிடம் இருந்தது இரண்டு கண், ஒரு கை, ஆறு கல்.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

அடுத்த முறை வகுப்பிலோ வேலையிடத்திலோ ஒருவர் காரணமில்லாமல் சிடுசிடுத்தால், காரணம் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கலாம். உடம்பு சரியில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

வலி உங்களுக்கே என்றால்? வயிறு அடிக்கடி எரிகிறது, வாரக்கணக்கில் வலிக்கிறது என்றால் கேஸ் மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொண்டே இருக்காதீர்கள். பக்கத்துப் பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போங்கள். வாந்தியில் ரத்தம் வந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ காத்திருக்கவே வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

செஸ்டருக்குக் கிடைக்காத மருந்து உங்களுக்குக் கிடைக்கும். வலிக்கிறது என்று வாய் திறந்து சொன்னால் போதும்.