முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர் ஆவார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையைச் சட்டத்தின் வழியாக ஒழிக்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர்.

பிறப்பும் கல்வியும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி மன்னர் கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர இவருக்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி அளித்தார். 1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். 1914 இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சட்டமன்றப் பணி

சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரானார். 1927 இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டே பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யக் கோரும் தீர்மானத்தைக் கொண்டு வந்தார்.

கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசிகள் மானிய நிலங்களை அனுபவித்து வந்தனர். பணியை விட்டால் நிலமும் போகும் என்பதால் பலரால் அம்முறையிலிருந்து விலக இயலவில்லை. இவரது முயற்சியால் 1929 இல் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. இத்திருத்தம் கோயில் பணி என்னும் நிபந்தனையை நீக்கி, நிலத்தை அப்பெண்களுக்கே உரியதாக்கியது.

தேவதாசிகள் சிலர் தங்கள் கலையும் வாழ்வுரிமையும் பறிபோகும் என அரசுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். காங்கிரசுத் தலைவர் சத்தியமூர்த்தியும் ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்தார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930 இல் முத்துலட்சுமி பதவி விலகினார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்க இவர் கொண்டு வந்த சட்ட முன்வரைவு அப்போது நிறைவேறவில்லை.

1947 சட்டம்

முதல் தீர்மானத்துக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், சென்னை தேவதாசிகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் குற்றமாக்கப்பட்டது. பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள் செய்துகொள்ளும் திருமணமும் செல்லும் என அச்சட்டம் அறிவித்தது. கோயில்களில் அவர்கள் நடனமாடுவதையும் அது தடை செய்ததால், கலையிழப்பு குறித்த விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது.

பிற பணிகள்

சட்டத்தால் விடுபடும் சிறுமியருக்குப் புகலிடமும் கல்வியும் தேவை என்பதை உணர்ந்து 1930 இல் அவ்வை இல்லத்தை நிறுவினார். தங்கை புற்றுநோயால் இறந்தது, 1954 இல் செயல்படத் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்க இவரைத் தூண்டியது. 1956 இல் பத்ம பூசண் விருது பெற்றார். ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.