இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அடிச்சுவட்டில்

ஹஜ், உம்ராவுக்கு அடுத்தபடியாக, நல்லடியார்கள் வாழ்ந்து மறைந்த ஊர்களையும் கண்டுவர வேண்டும் என்ற ஆவல் நம் குடும்பங்களில் வளர்ந்து வருகிறது. உஸ்பெகிஸ்தானுக்குச் சென்று இமாம் புகாரி (ரஹ்) அவர்களை ஜியாரத் செய்ய நாடுவோரும் பலர். விசா, விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் முன்கூட்டியே தயாராகிவிடுகின்றன. யாரைக் காணச் செல்கிறோமோ அவர்களுடைய வாழ்வை அறிந்துகொள்வதுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

ஹிஜ்ரி 194, ஷவ்வால் பிறை 13 வெள்ளிக்கிழமை (கி.பி. 810), புகாரா நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். பெயர் முஹம்மது. தந்தையார் இஸ்மாயீல் அவர்களும் ஹதீஸ் கற்றவர்களே. தந்தை சிறுவயதிலேயே மறைந்துவிட, வளர்த்து ஆளாக்கியது தாயார்தாம். சிறுவயதில் இமாமவர்கள் பார்வையை இழந்ததாகவும், அந்தத் தாய் அழுதழுது கேட்ட துஆவினால் அல்லாஹ் அதைத் திருப்பித் தந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

16 வயதில் தாயாருடனும் சகோதரர் அஹ்மதுடனும் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். ஹஜ் முடிந்து அவ்விருவரும் ஊர் திரும்ப, இமாமவர்கள் மட்டும் இல்மைத் தேடி மக்காவில் தங்கிவிட்டார்கள். மதீனா, பஸரா, கூஃபா, பக்தாத், ஷாம், மிஸ்ர் என்று அந்தத் தேட்டம் நீண்டது. ஏறத்தாழ 6 இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்து, 16 ஆண்டுகள் உழைத்து ஸஹீஹ் நூலைத் தொகுத்தார்கள். திரும்ப வருபவற்றையும் சேர்த்தே அதில் 7,000 சொச்சம் ஹதீஸ்கள்தாம் உள்ளன. ஒவ்வொரு ஹதீஸையும் எழுதுமுன் குளித்து, இரண்டு ரக்அத் தொழுதார்கள். நபி (ஸல்) அவர்கள் சொல்லாத ஒன்று அவர்கள் பெயரால் நுழைந்துவிடக் கூடாதே என்ற அச்சம்தான் அத்தனைக்கும் காரணம்.

இவ்வளவு பெரிய இமாம் தம் இறுதிக் காலத்தில் ஊர் திரும்பியபோது புகாரா மக்கள் பெரும் சிறப்புடன் வரவேற்றனர். ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆளுநர் காலித் பின் அஹ்மத், நூல்களைத் தம் மாளிகைக்குக் கொண்டுவந்து ஓதிக் காட்டுமாறு ஆளனுப்பினார். இல்மை அதிகாரத்தின் வாசலுக்குச் சுமந்து சென்று இழிவுபடுத்த இயலாது, தேவைப்பட்டவர் பள்ளிவாசலுக்கு வரலாம் என்று இமாமவர்கள் மறுத்தார்கள். தம் பிள்ளைகளுக்காவது தனி மஜ்லிஸ் வேண்டும் என்றார் ஆளுநர். சிலருக்கு மட்டும் ஒதுக்கி, மற்றவரைத் தடுப்பதற்கும் இமாமவர்கள் இணங்கவில்லை. விளைவு? அவர்களுடைய கொள்கையிலேயே குறை கண்டு பேச ஆட்கள் ஏவப்பட்டனர். பிறந்த ஊரைவிட்டே வெளியேற உத்தரவாயிற்று.

ஸமர்கந்துக்கு அருகே கர்தங்க் என்னும் சிற்றூரில் உறவினர் வீட்டில் வந்து தங்கினார்கள். பூமி இத்தனை விரிந்திருந்தும் தமக்கு நெருக்கடியாகிவிட்டதைச் சொல்லி, தம்மை அழைத்துக்கொள்ளுமாறு அல்லாஹ்விடம் இரவுத் தொழுகைக்குப் பின் இறைஞ்சினார்கள். ஸமர்கந்து மக்கள் அழைப்பு விடுத்தபோது புறப்பட ஆயத்தமாகி, வாகனத்தை நோக்கிச் சுமார் 20 எட்டுகள் நடந்தார்கள். அதற்கு மேல் உடலில் வலுவில்லை. துஆ செய்துவிட்டுச் சாய்ந்தார்கள், உயிர் பிரிந்தது. அது ஹிஜ்ரி 256 (கி.பி. 870), நோன்புப் பெருநாள் இரவு. 62 வயது நிறைய 13 நாட்களே இருந்தன. பெருநாளன்று லுஹருக்குப் பின் அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஆளுநரும் சிறிது காலத்தில் பதவியிழந்து சிறையில் மாண்டார்.

இதை அறிந்தவர், பயணத்தைப் புகாராவில் தொடங்கிக் கர்தங்கில் முடிப்பதே பொருத்தம். புகாராவில் இமாமவர்கள் காலத்துக் கட்டடங்களைத் தேட வேண்டாம். அங்கே வானளாவ நிற்கும் கல்யான் மினாரா 1127ல் எழுந்தது; எதிரே உள்ள மீர் அரப் மதரஸாவோ 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்த மண்ணில் நிற்கும்போது, மகனைக் கஅபாவின் நிழலில் விட்டுத் திரும்பிய தாயை நினையுங்கள். இன்று ரயிலில் சில மணி நேரத்தில் ஸமர்கந்தை அடைந்துவிடலாம். இமாமவர்களோ அந்நகரை அடையவில்லை என்பதையும் அப்போது நினைவில் கொள்ளுங்கள். கர்தங்கில் 1998ல் பெரிய வளாகம் எழுப்பப்பட்டது. அங்கே ஸலாம் உரைத்து, குர்ஆன் ஓதி, தேவைகளை அல்லாஹ்விடமே கேளுங்கள். கட்டடத்தின் அழகைப் படம்பிடிப்பதிலேயே நேரம் போய்விட வேண்டாம்.

புறப்படுமுன் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்யலாம். நம் மதரஸாக்களில் புகாரி ஷரீப் பாடமாக நடக்கிறது. காயல்பட்டினத்தில் ரஜப் மாதத்தில் மஜ்லிஸாகவே ஓதப்படுகிறது. அந்நூலின் முதல் ஹதீஸ் நிய்யத்தைப் பற்றியது. அதிலிருந்து தொடங்கி, நாளுக்கு ஒரு ஹதீஸாக மனைவி மக்களுடன் அமர்ந்து பொருளுடன் படித்துவாருங்கள். பயணத்துக்கு வசதியில்லாதவர்களும் இதைச் செய்யலாம். இமாமவர்கள் ஆண் வாரிசை விட்டுச் செல்லவில்லை. விட்டுச் சென்றது அந்த நூலைத்தான். அதைத் திறவாமல் கபுரை மட்டும் கண்டு திரும்புவது, வீட்டுக்காரரிடம் பேசாமல் வாசலைப் பார்த்துவிட்டு வருவதைப் போன்றது.

அல்லாஹ் நம் நிய்யத்தைச் சீராக்கி, அப்பெருந்தகையின் இல்மினால் நமக்குப் பயனளிப்பானாக! ஆமீன்.