ராமானுஜனுக்கு 77 ஆண்டுகள் முன்பே ராயல் சொசைட்டிக்குத் தேர்வான இந்தியர்: யார் இந்த அர்தேசிர் கர்செட்ஜி?

லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியர் யார்னு கேட்டால், பலர் ராமானுஜன்னு சொல்வீங்க. அவர் தேர்வானது 1918-இல். ஆனால் 1841-லேயே ஒருவர் தேர்வாகிவிட்டார். அவர் பம்பாயைச் சேர்ந்த பார்சி கப்பல் பொறியாளர் அர்தேசிர் கர்செட்ஜி வாடியா.

1808-இல் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாகப் பாய்மரக் கப்பல் கட்டிய குடும்பம். இவருக்கோ நீராவி இன்ஜின் மீதுதான் கண். 1 குதிரைத்திறன் இன்ஜின் ஒன்றைத் தானே செய்து பார்த்தார். 1833-இல் ‘இண்டஸ்’ என்ற சிறு கப்பலைக் கட்டி, இங்கிலாந்திலிருந்து வந்த 10 குதிரைத்திறன் இன்ஜினை அதில் பொருத்தினார்.

இதில் ஒரு சிக்கலைக் கவனிங்க. கப்பல் நம்முடையது, இன்ஜின் அவர்களுடையது. சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஒரு உதிரி பாகம் வேணும்னாலும் மாதக்கணக்கில் காத்திருக்கணும்.

அதனால் தொழிலை அங்கேயே போய்க் கற்றார். 1839-இல் இங்கிலாந்து பயணம். 1841-இல் கிழக்கிந்திய கம்பெனியின் பம்பாய் நீராவித் தொழிற்சாலைக்குத் தலைமைப் பொறியாளர் பதவி. ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பியர்கள் வேலை செய்தார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

1851-இல் ‘லௌஜி ஃபேமிலி’ என்ற நீராவிக் கப்பலை மிதக்கவிட்டார். இந்த முறை பாகங்கள் அவரது சொந்த வார்ப்படச் சாலையிலேயே தயாராயின. வாங்கிப் பொருத்துவதிலிருந்து தானே செய்வது வரை வர 18 ஆண்டுகள் ஆனது.

1877-இல் இங்கிலாந்தின் ரிச்மண்டில் காலமானார். 1969-இல் மத்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. இனி அந்தக் கேள்வி வந்தால், சரியான விடை உங்களுக்குத் தெரியும்.