டோனாவூர் அம்மா

சங்கரன்கோவில் சுட்டிகளுக்கு ஆடித்தபசு என்றாலே கொண்டாட்டம்தான்! ஊரே திருவிழாக் கூட்டமாக இருக்க, கோமதி அம்மன் மட்டும் தவக்கோலத்தில் நிற்பாள். ஆரவாரத்துக்கு நடுவே ஓர் அமைதி! அதே நெல்லைச் சீமையில், ஓயாத வேலைக்கு நடுவே அமைதியைத் தேடிய ஓர் அம்மாவும் வாழ்ந்தார். அவர் பெயர் ஏமி கார்மைக்கேல்.

1867 டிசம்பர் 16-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியா வந்தார். நெல்லையில் தங்கித் தமிழ் படித்தார். சேலை கட்டிக்கொண்டு, நம் ஊர்ப் பெண்கள் சிலருடன் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று ஏசுவைப் பற்றிப் பேசினார்.

1901-ல் ஒரு சிறுமி அவரிடம் ஓடி வந்தாள். கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்தவள் அவள். அந்தக் காலத்தில் அப்படி விடப்பட்ட சிறுமிகள் பட்ட துயரம் கொஞ்சமல்ல. (இதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் வந்தது.) அவளைத் தொடர்ந்து பல குழந்தைகள் வந்தனர். களக்காடு அருகே டோனாவூரில் அவர்களுக்கு வீடு உருவானது.

பால் புகட்டுவது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது என்றே பொழுது போனது. பிரசங்கத்தை விட்டுவிட்டு இதைச் செய்யலாமா என்று ஏமி தவித்தார். ஏசுவே துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியது நினைவுக்கு வந்தது. தவிப்பு தீர்ந்தது!

ஆனால், பிள்ளைகள் நிறைந்த வீட்டில் தியானத்துக்கு நேரம் ஏது? 1916-ல் உடன் உழைத்த பெண்களைச் சேர்த்து ஒரு சகோதரிகள் குழுவைத் தொடங்கினார். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் நெதர்லாந்தில், உழைத்துச் சாப்பிட்டுக்கொண்டே ஜெபத்திலும் ஆழ்ந்திருந்த சகோதரர்கள்தான் இதற்கு முன்மாதிரி. 1917-ல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொஞ்சம் காடு வாங்கப்பட்டது. களைத்தவர்கள் அங்கே போய் அமைதியாக இருந்துவிட்டு, மறுபடியும் வேலைக்குத் திரும்பினர். பிள்ளைகளுக்கோ அங்கே நீச்சல்தான்!

1931 அக்டோபர் 24. களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போன ஏமி, இருட்டில் குழிக்குள் விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அறைக்குள்ளேயே வாழ்க்கை. இந்த அமைதி அவர் தேடிப் போனதல்ல, வலியோடு வந்தது. அப்போதும் கை ஓயவில்லை. படுக்கையில் இருந்தபடியே பல புத்தகங்கள் எழுதினார். உடன் உழைப்போருக்குக் கடிதங்கள் எழுதினார்.

1951 ஜனவரி 18-ல் காலமானார். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தனர். அதில் தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தனர்.