தரை டிக்கெட்டும் பட அதிபர் வாசனும்

பகலெல்லாம் அரத்தைப் பிடித்துப் பூட்டுக்கு நெம்பு ராவிய கை. தோல் ஷாப்பிலே சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய கால். நூற்பாலையிலே பஞ்சுத் தூசு படிந்த தலை. திண்டுக்கல் சீமையின் பாட்டாளி அந்தக் கோலத்தோடு மாலையில் எங்கே போவான்? வீட்டுக்குப் போய் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, மனைவியையும் மக்களையும் அழைத்துக்கொண்டு சினிமாக் கொட்டகைக்குப் போவான். சிறுமலைக் காற்று கூரைக் கீற்றை அசைக்க, மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் மகனை உட்கார வைத்துப் படம் பார்ப்பான். அதற்குப் பெயர் தரை டிக்கெட்.

அந்தத் தரை டிக்கெட்டுக்காரனை நம்பி, பல இலட்சங்களைக் கொட்டிய ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். இரண்டு சிறுவர்கள் நின்று ஊதுகொம்பு ஊதுவார்கள். அந்த இரட்டையர் முத்திரையைக் கண்டதும் கொட்டகையிலே விசில் பறக்கும். ஜெமினி! அதை ஆக்கிய எஸ். எஸ். வாசன் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது. அவர் நம் முகாமைச் சேர்ந்தவரல்லர், முதலாளி. ஆயினும் அவர் கதையிலே உழைப்பவன் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு.

தஞ்சைத் தரணியின் திருத்துறைப்பூண்டியிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் சீனிவாசன். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயின் உழைப்பிலே வளர்ந்து சென்னைக்கு வந்தார். பச்சையப்பன் கல்லூரியிலே சேர்ந்தார். ஆனால் படிப்பை முடிக்கும் நிலை வீட்டில் இல்லை. தபால் மூலம் பொருள்கள் விற்றார். பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்த்துக் கொடுத்தார். எதை எப்படிச் சொன்னால் சாதாரண மனிதன் காது கொடுத்துக் கேட்பான் என்ற பாடத்தை அவர் கற்ற பள்ளிக்கூடம் அதுதான்.

பூதூர் வைத்தியநாதய்யர் தொடங்கிய ஆனந்த விகடன் நொடித்துப்போன நேரம். 1928ஆம் ஆண்டில் அதை வாசன் வாங்கினார். பிறகு கல்கி கிருஷ்ணமூர்த்தி ஆசிரியராக வந்து அமர்ந்தார். சிரிப்பும் கதையும் கார்ட்டூனும் கலந்து, பண்டிதர் வீட்டுத் திண்ணையில் கிடந்த பத்திரிகைப் படிப்பை நடுத்தர வீட்டின் அடுப்பங்கரை வரை கொண்டுபோனார்கள். மாலி வரைந்த கோட்டுச் சித்திரங்களைக் கண்டு எழுத்துக் கூட்டிப் படிப்பவனும் சிரித்தான்.

அதே 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே வால்ட் டிஸ்னி என்பவர் ஒரு சுண்டெலியை வெள்ளித்திரையிலே ஆடவும் பாடவும் விட்டார். மிக்கி மவுஸ்! உலகின் இரு கோடியிலே, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்கும்படியான பொழுதுபோக்கை ஒரு பெருந்தொழிலாக்கக் கிளம்பிய ஆண்டு அது. இந்த ஒற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்வோம், பிறகு தேவைப்படும்.

வாசன் எழுதிய 'சதி லீலாவதி' என்ற கதை 1936இல் படமாயிற்று. குடியால் கெட்ட ஒருவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே கூலியாகிப் படும் பாட்டைச் சொல்லும் கதை. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கினார், எம். கே. ராதா கதாநாயகன். அதிலே போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேடம் ஒன்றைத் தாங்கி, முதன்முதலாகப் படத்திலே தலைகாட்டிய இளைஞரின் பெயர் எம். ஜி. இராமச்சந்திரன்! கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் அதிலே நடித்தார். டி. எஸ். பாலையா முதலில் திரைக்கு வந்ததும் அந்தப் படத்தில்தான்.

கதை எழுதியவர் படங்களை வாங்கி விநியோகிக்கும் தொழிலில் இறங்கினார். டைரக்டர் கே. சுப்பிரமணியத்தின் ஸ்டூடியோ தீக்கிரையாகி ஏலத்துக்கு வந்தபோது அதை எடுத்தார். எரிந்த இடத்திலே எழுந்தது ஜெமினி ஸ்டூடியோ. 1941இல் 'மதன காமராஜன்', 1942இல் தண்டபாணி தேசிகர் பாடி நடித்த 'நந்தனார்', 1943இல் 'மங்கம்மா சபதம்' என்று வரிசையாகப் படங்கள் வந்தன. மங்கம்மா பெற்ற வெற்றி வாசனுக்குத் துணிச்சலைக் கொடுத்தது. அந்தத் துணிச்சலில் பிறந்ததுதான் 'சந்திரலேகா'.

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அந்தப் படம் எடுக்கப்பட்டது. ஆச்சார்யா என்ற டைரக்டர் இடையிலே விலகிக்கொள்ள, அதுவரை இயக்கமே அறியாத வாசன் தாமே இயக்கத் தொடங்கினார். பணம் தண்ணீராய்ப் போயிற்று. சொத்தை ஈடு வைத்தார். செலவு 30 இலட்சம் ரூபாய் என்று நாடே வாய் பிளந்தது. சில இலட்சங்களில் ஒரு படத்தை முடித்து விடுகிற காலம் அது! பட உலகத்துப் பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆள் தொலைந்தார் என்றார்கள்.

கடலுக்கு அப்பாலும் இதே நாடகம் முன்பே நடந்திருந்தது. 1937இல் டிஸ்னி முழுநீளச் சித்திரப் படமாக 'ஸ்நோ வொய்ட்' எடுத்தபோது, அதை டிஸ்னியின் பைத்தியக்காரத்தனம் என்று ஹாலிவுட்டே ஏளனம் செய்தது. அவரும் வீட்டை அடகு வைத்துத்தான் படத்தை முடித்தார். இருவரையும் காப்பாற்றியவர்கள் யார்? பெரியவர்களா? இல்லை. காசை எண்ணிக் கொடுத்துப் படம் பார்த்த பொதுமக்கள்!

1948 ஏப்ரலில் 'சந்திரலேகா' வெளிவந்தது. அதிலே சர்க்கஸ் யானைகள் திரண்டு வந்து பாறையைப் பெயர்த்துக் குகையிலே கிடந்த இளவரசனை மீட்கும், குழந்தைகள் கைகொட்டும். ராட்சத முரசுகளின் மேலே நடனம் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் முரசுகளின் உள்ளேயிருந்து வீரர்கள் வாளோடு பாய்வார்கள். தரை டிக்கெட்டே எழுந்து நிற்கும். டி. ஆர். ராஜகுமாரியின் ஆட்டம், ரஞ்சனின் வாள்வீச்சு, அரங்க நிர்மாணத்திலே ஏ. கே. சேகரின் கைவண்ணம். வழக்கிலே சிக்கிச் சிறையில் வாடி 1947இல் விடுதலையாகி வந்த கலைவாணருக்கும் அந்தப் படத்தில் இடம் இருந்தது. மதுரத்தோடு சேர்ந்து சிரிக்க வைத்தார்.

அதோடு வாசன் நிற்கவில்லை. அதே ஆண்டில் அந்தப் படத்தை இந்தியிலே ஆக்கி வடநாடெங்கும் ஓட்டினார். வடக்கிலிருந்து படம் வந்து இங்கே பணம் திரட்டிப் போன வழக்கத்தைத் திருப்பிப் போட்டார். சென்னையிலே உருவான படத்துக்குப் பம்பாயிலும் டெல்லியிலும் மக்கள் வரிசையில் நின்றார்கள். தென்னாடு வாங்க மட்டுமே பிறந்த சந்தையன்று, விற்கவும் வல்லது என்று காட்டிய அந்தச் செயலை நாம் பாராட்டாமல் இருக்க முடியுமா?

பிறகு 1949இல் 'அபூர்வ சகோதரர்கள்', 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த 'ஔவையார்', 1958இல் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டியிட்டு ஆடிய 'வஞ்சிக்கோட்டை வாலிபன்'. ஜெமினியிலே நடிகர், இசைவாணர், தச்சர், வர்ணம் பூசுவோர், தையல்காரர் என்று நூற்றுக்கணக்கானோர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். ஆலையைப் போல மணி அடித்து நடந்த கலைக்கூடம் அது. அங்கே வேலை பார்த்த ஆர். கணேசன் பின்னாளில் ஜெமினி கணேசன் ஆனார். அங்கே பத்திரிகைத் துணுக்குகளைக் கத்தரித்து ஒட்டிய அசோகமித்திரன் பின்னாளில் பெரும் எழுத்தாளர் ஆனார். நிலையற்ற சினிமாத் தொழிலிலே மாதம் பிறந்தால் சம்பளம் என்பது சிறிய செய்தியன்று. அதை வாசன் செய்தார் என்பதை மறைக்க நமக்கு மனமில்லை.

1960இல் 'இரும்புத்திரை' வந்தது. நம் தோழர்கள் அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஆலைதான் களம். சிவாஜி கணேசன் தொழிலாளியாக வந்தார், எஸ். வி. ரங்காராவ் முதலாளி. சங்கம் வேண்டும் என்கிறான் தம்பி; முதலாளி இட்ட சோற்றை மறக்கலாமா என்கிறான் அண்ணன். ஒரே வீட்டுக்குள்ளே இரும்புத்திரை விழுகிறது. இப்படிப் பிளந்த வீடுகளை நாம் பார்த்ததில்லையா? வேலைநிறுத்த நாளிலே அண்ணன் ஆலைக்குள்ளும் தம்பி வாயிலிலும் நின்ற காட்சி பஞ்சாலைச் சீமைக்குப் புதிதா?

நோயைச் சரியாகக் காட்டிய படம், மருந்திலே மட்டும் தயங்கிற்று. முதலாளியின் மனம் இளகினால், உறவு வெளிப்பட்டால், எல்லாம் சரியாகிவிடும் என்று முடித்தது. மனம் இளகுவதற்காகக் காத்திருந்து எந்த ஆலையிலே போனஸ் வந்தது? முதலாளி எடுத்த படம் முதலாளியைத் திருத்தித்தான் முடியும், ஒழுங்குபடுத்தி முடியாது. ஆனாலும் சங்கம் என்ற சொல்லை, ஊர் ஊராகக் கொட்டகைக்கு எடுத்துச் சென்றவர் ஒரு படமுதலாளி என்பது வரலாற்றின் வேடிக்கை!

இங்கேதான் டிஸ்னியின் கதை மீண்டும் தேவைப்படுகிறது. திரையிலே ஒரு நொடிக்கு 24 கட்டங்கள் ஓடுகின்றன. சித்திரப் படத்துக்கு அத்தனைக்கும் யாரோ உட்கார்ந்து கோடு இழுக்க வேண்டும், வர்ணம் பூச வேண்டும். பெயர் டிஸ்னிக்கு, முதுகு வலி சித்திரக்காரனுக்கு! 1941இல் அந்தச் சித்திரக்காரர்கள் சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரக்கணக்கிலே வாயிலில் நின்றார்கள். டிஸ்னி சீறினார், முடிவிலே சங்கத்தை ஏற்க வேண்டியதாயிற்று. உலகத்துக் குழந்தைகளையெல்லாம் சிரிக்க வைத்த கூடத்திலும், உழைத்தவன் உரிமையைக் கேட்டுத்தான் பெற்றான்.

வாசன் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969இல் பத்மபூஷண் பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு, 1968இல், ஜெமினி எடுத்த 'ஒளிவிளக்கு' வந்தது. எம். ஜி. ஆருக்கு அது நூறாவது படம். முதல் படம் வாசனின் கதை. நூறாவது படம் வாசனின் நிறுவனம்! அதன் பிறகு நடந்தது திண்டுக்கல்லுக்கே தெரியும். 1973 மே மாதம் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில், தொடங்கி ஓராண்டுகூட ஆகாத அவரது கட்சி, இரட்டை இலைச் சின்னத்தில் முதல் வெற்றியைப் பெற்றது இந்தத் தொகுதியிலேதான். அந்த வெற்றி யாருக்கு இனித்தது, யாருக்குக் கசந்தது என்பது வேறு பேச்சு. மணல் தரையிலே அமர்ந்தவன் மனத்திலே திரை எழுதியதை மேடை எளிதில் அழிக்க முடியாது என்பதை மலைக்கோட்டை அடிவாரம் அன்று நாட்டுக்குச் சொல்லிற்று.

ஜெமினி ஸ்டூடியோ இன்று இல்லை. அது இருந்த இடத்திலே வேறு கட்டடங்கள் எழுந்துவிட்டன. 1973இல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் சூட்டப்பட்டிருந்தும், ஜெமினி பாலம் என்றே சென்னை மக்கள் வாய் சொல்கிறது. முதலாளியின் பெயர் பாலத்திலே நிற்கிறது. முரசு செய்த தச்சன் பெயர்? முரசின் மேல் ஆடிய பெண்களின் பெயர்? யானையை நடத்திய பாகன் பெயர்?

திண்டுக்கல் பூட்டைத் திருப்பிப் பாருங்கள். அதிலே கம்பெனி முத்திரை இருக்கும். ராவிய கையின் பெயர் இருக்காது. இரட்டையர் முத்திரையும் அப்படித்தான். வாசனின் துணிச்சலை மதிப்போம். எளியவனின் சிரிப்பைப் பெரிதாக மதித்த அவர் அறிவைப் போற்றுவோம். கூடவே, அந்தச் சிரிப்பை ஆக்கிய பெயரில்லாத கைகளையும் எண்ணிப் பார்ப்போம். அவர்களுக்குப் பாலம் வேண்டாம். கூலியும், பாதுகாப்பும், தலைநிமிர்ந்து நிற்கச் சங்கமும் இருந்தால் போதும். அதை எந்தப் பட அதிபரும் தர மாட்டார். நாம்தான் பெற வேண்டும்!